மெடிக்கலில் சீட்டில்லாமல் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

"அக்கா, காய்ச்சல், உடம்பு வலி. ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்க."

ஒட்டன்சத்திரத்தில் நான் வேலை பார்க்கும் மெடிக்கலில் அதிகம் காதில் விழுவது இதுதான். செட் என்றால் ஒரு சின்னக் காகிதக் கவர். உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு குட்டி மஞ்சள், ஒரு கேஸ் மாத்திரை, கூடவே சிவப்பும் கறுப்புமாக ஒரு கேப்ஸ்யூல். எதற்கும் பெயர் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. அந்த கேப்ஸ்யூல் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக். நான் செட் போட்டுத் தருவதில்லை. உடனே, "அடுத்த கடையில குடுக்கிறாங்களே" என்பார்கள். கொடுக்கிறார்கள்தான். அதற்காக அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. பி.பார்ம் முடித்துவிட்டுக் கவுண்டரில் நிற்பவள் என்ற முறையில், என்ன கேட்டால் கிடைக்கும், எதற்கு டாக்டர் சீட்டு வேண்டும், சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். 'இவையெல்லாம் சீட்டில்லாமல் வாங்கலாம்' என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் கிடையாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் அதன் கீழ் வந்த 1945 விதிகளும் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவற்றைத்தான் பட்டியல் போட்டிருக்கின்றன. அட்டவணை எச், எச்1, எக்ஸ் என்று மூன்று. இவற்றில் இல்லாததைச் சீட்டில்லாமல் கேட்டு வாங்கலாம். பட்டியலை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அட்டையைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அட்டையைப் படிப்பது எப்படி

மாத்திரை அட்டையின் பின்பக்கம், மருந்தின் பெயர் அச்சடித்த பக்கம், இடது மேல் மூலையைப் பாருங்கள். 'ஆர்எக்ஸ்' என்ற குறி இருந்தால் அது சீட்டு மருந்து. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'ஷெட்யூல் எச்' என்று தொடங்கும் எச்சரிக்கை இருக்கும், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று. பல அட்டைகளில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடும் ஓடும். ஆன்டிபயாட்டிக்கை இஷ்டத்துக்கு வாங்கித் தின்னாதீர்கள் என்று மத்திய அரசு 2016இல் பிரசாரம் செய்தது இந்தக் கோட்டை வைத்துத்தான்.

குறியே சிவப்பாக இருந்து, எச்சரிக்கையும் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தால் அது எச்1. 'என்ஆர்எக்ஸ்' என்று இருந்தால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வரும் மருந்து. 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்றால் அட்டவணை எக்ஸ், இருப்பதிலேயே கடுமையான கட்டுப்பாடு அதற்குத்தான்.

குறியும் இல்லை, கோடும் இல்லை என்றால் தைரியமாகக் கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொன்னேன், எவ்வளவு வேண்டுமானாலும் விழுங்கலாம் என்று சொல்லவில்லை. தாராளமாகக் கிடைக்கும் மருந்தில்தான் அளவு தப்புகிறது.

சீட்டில்லாமல் கிடைப்பவை

பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பவுடர், ஜெலுசில் மாதிரி வயிற்றெரிச்சலுக்கான மருந்துகள், வலி பாம், கால்சியம், வைட்டமின் மாத்திரைகள், காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து, பஞ்சு, பேண்டேஜ். ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவைக்கு இவை போதும்.

பாராசிட்டமால் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மூரில் 650 மில்லிகிராம்தான் ஓடுகிறது, 500ஐ யாரும் மதிப்பதில்லை. நல்ல ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. 650 மாத்திரை 6 போட்டாலே 3.9 கிராம் ஆகிவிட்டது. இதோடு 'சளி மாத்திரை' என்று தனியாக ஒன்று வாங்குவார்கள். அதைத் திருப்பிப் பார்த்தால் அதற்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் 4 கிராம் பக்கமே போகக் கூடாது. அதனால் கடையில், "காய்ச்சல் மாத்திரை ஏற்கெனவே போட்டுட்டு இருக்கேன், இதுலயும் அதே இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. 125 சிரப்பில் 4 மில்லி கொடுத்துப் பழகிய பாட்டி, சொட்டு மருந்து பாட்டிலில் அதே 4 மில்லியை எடுத்தால் மருந்து நாலு மடங்காகப் போகும். புதுப் பாட்டில் வாங்கினால் குழந்தையின் எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று கடையிலேயே பெட்டி மேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடை தெரியாமல் வந்தால் எங்கள் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்துத்தான் தருவேன்.

மழைக்காலக் காய்ச்சலுக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளைக் கேட்காதீர்கள். டெங்குவாக இருந்துவிட்டால் ரத்தக்கசிவு கூடும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும், அதோடு தண்ணீர்.

அடுத்தது ஓ.ஆர்.எஸ். டெட்ரா பேக்கில் ஆப்பிள், ஆரஞ்சு சுவையில் வருவதைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் நிறையப் பேர். அது பழச்சாறு மாதிரி ஒரு பானம். வயிற்றுப்போக்குக்கு வேண்டியது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை. ஒரு பாக்கெட் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். அந்தக் கலவை இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பவுடரைக் கேட்டு வாங்குங்கள், விலையும் குறைவு. அரை டம்ளரில் முழுப் பாக்கெட்டைக் கொட்டக் கூடாது, ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான்.

பெட்டிக்கடையில் மாத்திரை விற்கலாமா என்றும் கேட்பார்கள். பாராசிட்டமால், ஆஸ்பிரின், பாம், கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய் போன்ற சிலவற்றை லைசென்ஸ் இல்லாத கடையும் பிரிக்காத பாக்கெட்டில் விற்க விதியில் இடம் உண்டு. ஆனால் ஆயிரம் பேருக்கு மேல் மக்கள்தொகை இல்லாத கிராமத்துக்குத்தான் அந்தச் சலுகை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஜாடிக்குள் கிடக்கும் தலைவலி மாத்திரைக்கு இல்லை.

சீட்டு கேட்டே தீர வேண்டியவை

அசித்ரோமைசின், அமாக்சிசிலின் மாதிரி ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாம் எச் பட்டியலில் உள்ளவை. சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் இவற்றால் எந்தப் பயனும் இல்லை. "போன தடவை இதுலதான் கேட்டுச்சு" என்று பழைய அட்டையின் கிழிசலை நீட்டுவார்கள். சளி அந்தத் தடவை தானாகவே சரியாகியிருக்கும், பெயர் மாத்திரைக்குப் போய்விட்டது.

டைக்ளோபினாக், அசிடிட்டிக்குப் போடும் பான்டோபிரசோல், ஓமிபிரசோல், பிரஷர் மாத்திரை எல்லாம்கூட எச்தான். பான்டோபிரசோலைச் சீட்டில்லாமல் விற்காத கடையைக் காட்டுங்கள் என்று என்னிடமே கேட்பவர்கள் உண்டு. சட்டம் ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம், உண்மைதான். வெறும் வயிற்றில் தினமும் ஒன்று என்று வருஷக்கணக்காக விழுங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது, ஒருமுறை டாக்டரைப் பார்த்து இது இன்னும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான்.

களிம்பு வாங்க வருகிறவர்கள் சீட்டு கேட்டால் நிஜமாகவே கோபப்படுகிறார்கள். "தடவுறதுக்கு எதுக்குச் சீட்டு?" குளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளுக்குச் சீட்டு வேண்டும், இந்த வகையில் 14ஐ 2018 மார்ச்சில் எச் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். காரணம் எங்கள் கவுண்டருக்கு இந்தப் பக்கமே தெரியும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் தொடை முழுக்க வட்டம் வட்டமாகக் கிளம்பும். முகம் வெள்ளையாக வேண்டும் என்று அதே களிம்பைத் தடவும் பெண்பிள்ளைகளுக்குத் தோல் மெலிந்து, வெயிலில் போனால் எரிந்து, பரு பொங்கி, கடைசியில் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வருவார்கள். களிம்பு டியூபில் மருந்தின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அதில் 'சோன்', 'சால்' என்று முடியும் பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டா, பூஞ்சை மருந்தா என்று கேளுங்கள். குளோட்ரிமசால் பூஞ்சை மருந்து, குளோபீட்டாசால் ஸ்டீராய்டு. முடிவு ஒன்று போல இருந்தாலும் வேலை வேறு.

மெட்ராஸ் ஐ பரவும்போதும் இதே கதைதான். "கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து" என்று கேட்டால் எந்தக் கடையும் எதையாவது எடுத்து நீட்டிவிடும். டெக்சாமெத்தசோன் கலந்த சொட்டு மருந்து சிவப்பைச் சீக்கிரம் குறைக்கும். அதே மருந்து கண் அழுத்தத்தை ஏற்றும், சில வைரஸ் தொற்றில் கருவிழியையே கெடுக்கும். சீட்டில்லாமல் வேண்டுமென்றால் கண்ணை ஈரமாக வைக்கும் மருந்து மட்டும் கேளுங்கள். வலி இருந்தாலோ பார்வை மங்கினாலோ நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எச்1 பட்டியல் 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. செபிக்சிம், லீவோபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், தூக்க மாத்திரை வகையான அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடம், வலி மருந்தான டிரமடால், கோடீன் எல்லாம் இதில் வரும். இவற்றை விற்றால் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் கேட்பதே அந்த நோட்டைத்தான். அதனால், "எதுக்கும்மா பேரு ஊரெல்லாம் கேக்கிற?" என்று எரிச்சல்படாதீர்கள்.

தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் கேட்டு வரும் இளவட்டங்களிடம் நான் கறாராகத்தான் இருப்பேன். டபென்டாடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் போலீஸ் வழக்காகியிருக்கிறது என்று பேப்பர் படிப்பவர்களுக்குத் தெரியும். உண்மையாகவே வலியில் இருப்பவருக்கு இதனால் சிரமம்தான். அவர் சீட்டோடு வந்தால் போதும், யாரும் மறுக்க மாட்டார்கள்.

எக்ஸ் பட்டியல் மருந்துக்குச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடை 2 வருஷம் வைத்திருக்கும். விற்கத் தனி லைசென்ஸும் வேண்டும், சின்ன ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அது இருக்காது. கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைக்கு மெத்தில்பெனிடேட் எழுதிக்கொடுத்த சீட்டோடு பெற்றோர் கடை கடையாக அலைவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே, எந்தக் கடையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சீட்டு எப்படி இருக்க வேண்டும்

டாக்டரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் அளவு, எத்தனை வேளை, மொத்தம் எத்தனை. இவ்வளவும் இருந்தால்தான் அது சீட்டு. துண்டுக் காகிதத்தில் மருந்துப் பெயர் மட்டும் எழுதி எடுத்து வந்தால் அது மளிகை லிஸ்ட்.

ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டுமே அடுத்த முறை. கொடுத்ததும் கடையின் பெயரையும் தேதியையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்பது விதி, அதனால் சீட்டு கசங்கும், முத்திரை விழும். பிரஷருக்குத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் 'மூன்று மாதத்துக்கு' என்று எழுதி வாங்கிக்கொண்டால் மாதாமாதம் கிளினிக் வாசலில் காத்திருக்க வேண்டாம். பிரஷருக்கும் சுகருக்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துகொண்டால் மருந்து வீட்டுக்கே வரும். அதைக் கேட்டுப் பாருங்கள் என்று வியாபாரத்தை விட்டுவிட்டுச் சொல்கிறேன், முதலாளி படிக்க மாட்டார்.

போனில் பார்த்த டாக்டர் அனுப்பிய சீட்டு செல்லுமா? 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி கையெழுத்திட்ட சீட்டின் போட்டோவோ ஸ்கேனோ அனுப்பலாம். ஆனால் எக்ஸ் பட்டியல் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் தூக்க மாத்திரை வகையையும் பொதுவாக அப்படி எழுதக் கூடாது. அவற்றுக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

சீட்டில் ஒரு பிராண்ட் பெயர் எழுதியிருந்தால் அதே மருந்து வேறு கம்பெனியுடையது என்று நாங்களாக மாற்றித் தரக் கூடாது. விலை குறைவாக வேண்டுமென்றால் டாக்டரிடமே மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அந்தச் சீட்டை முதல்வர் மருந்தகத்துக்கோ ஜன் அவுஷதிக்கோ கொண்டுபோகலாம், பிரஷர் மாத்திரையில் வித்தியாசம் பில்லைப் பார்த்தாலே தெரியும்.

கேட்கத் தயங்குகிறவை

அவசரக் கருத்தடை மாத்திரை, லீவோநார்ஜெஸ்ட்ரல். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது, சீக்கிரம் போட்டால் நல்லது. இதற்குச் சட்டப்படி சீட்டு தேவையில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் நிறையக் கடைகள் இதை வாங்கி வைப்பதே இல்லை. "இல்லைங்க" என்றால் ஸ்டாக் இல்லை என்றுதான் அர்த்தம், தடை என்று அர்த்தம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கருக்கலைப்பு மாத்திரை முற்றிலும் வேறு. மிபெப்ரிஸ்டோன், மிசோபிரஸ்டால் இரண்டும் டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே. யாரோ ஒரு கடையில் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் வருகிறவர்களை எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் பார்த்திருப்பார்கள். கருத்தடை மாத்திரையையும் கருக்கலைப்பு மாத்திரையையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்.

குழந்தைக்கு இருமல் மருந்து

2 வயதுக்குள் வேண்டாம். 5 வயதுக்குள் பொதுவாகவே பரிந்துரைப்பதில்லை. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் இதையே சொன்னது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்த நேரம் அது. டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று பெட்டியிலேயே போட வேண்டும் என்பது 2023 டிசம்பர் உத்தரவு. அந்த வரியைத் தேடிப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய சிரப்பைப் பங்கு போடாதீர்கள்.

மாட்டுக்கு வலி ஊசி

இங்கே இது சகஜம். "டைக்ளோபினாக் பெரிய பாட்டில் இருக்கா?" இருக்காது. மாட்டுக்கு அதைப் போடுவதை 2006இலேயே தடை செய்துவிட்டார்கள். மனிதர்களுக்கான ஊசி மருந்தை மாட்டுக்கு வாங்கிப் போனார்கள் என்பதால் 2015இல் அதையும் 3 மில்லி ஒற்றை ஊசியாக மட்டும் விற்க வேண்டும் என்று சுருக்கினார்கள். அந்த மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்னும் பாறு கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகிறது. நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளுக்காகத்தான் இந்தப் பாடு. கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பில்லும் அட்டையும்

நாலு மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவோம். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையில் இருக்கும் மிச்சத் துண்டில் இருப்பதுதான் நல்லது, அடுத்து வாங்குகிறவருக்கும் தேதி தெரிய வேண்டுமே. அதனால் வெட்டுவதற்கு முன் தேதியைக் காட்டச் சொல்லுங்கள், பில்லிலும் பேட்ச் எண்ணும் காலாவதியும் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்டிலிருந்து க்யூஆர் கோடு போட வேண்டும், போனில் ஸ்கேன் செய்தால் விவரம் வரும். மருந்து போட்டபின் உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல் என்று ஏதாவது வந்தால் முதலில் ஆஸ்பத்திரி. தேறியபின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம், நோயாளியே சொல்லலாம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆறு மாத மருந்தைக் கட்டிக் கொடுக்கும் அம்மாக்கள் உண்டு. இங்கே சீட்டோடு வாங்கிய டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம், டயசெபாம் எல்லாம் அங்கே முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் சிக்கல். அமீரகத்தில் அங்குள்ள அரசிடமும் சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்திடமும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மருந்தை அட்டையோடு, சீட்டோடு, பில்லோடு கைப்பையில் வையுங்கள், டப்பாவில் உதிர்த்துக் கொட்டாதீர்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயரும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நோயாளியின் பெயரும் இருக்க வேண்டும். அப்புறம் குருமாவுக்கு என்று பொட்டலம் கட்டி வைத்த கசகசாவை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், அதுவும் அந்த இரண்டு நாட்டிலும் தடைதான்.